புரட்டாசிக் கோழிகள்

யார் தயவும் இல்லாமல் வாழ வேண்டும் என்றுதான் நாங்கள் காப்பாருக்கு வந்தோம். நாங்கள் என்றால், வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் என் வீட்டுக்காரர் பாலன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, கிள்ளானைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் அரை ஏக்கர் நிலத்தையும் அதில் இருந்த பலகை வீட்டையும் குத்தகைக்கு எடுத்தோம். பாலனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை, அதனால் அவருக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. எனக்குத்தான் கோலாலம்பூரில் இத்தனை வருடம் பார்த்த ஆபீஸ் வேலை போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பிரிவையே இழுத்து மூடினார்கள். அதற்குக் கேக் வேறு வாங்கி வைத்திருந்தார்கள். இனி எவனும் கேக் வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்புகிற நிலையில் நான் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சொந்தக் கையால் விதைத்து, சொந்தக் கோழியின் முட்டையைத் தின்று, சொந்தமாகச் சோப்பு காய்ச்சி வாழ்வது கைப்பேசியில் பார்க்கும்போது மிகவும் அழகாக இருக்கும். மண்ணில் இறங்கினால் வேறு கதை. முதல் மாதமே குரங்குகள் வாழைத்தாரைக் கொண்டுபோயின. நான் போட்ட மக்குக் குழி, பக்கத்துக் கொங்சிக் கொட்டகையில் தங்கியிருந்த இந்தோனேசியத் தொழிலாளிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து விசாரிக்கிற அளவுக்கு நாறியது. அப்போதுதான் 'கெபுன் கூட்டம்' என்ற வாட்சப் குழுவில் சேர்ந்தேன். கெபுன் என்றால் மலாயில் தோட்டம். செலாயாங், அம்பாங், கிள்ளான், ரவாங் என்று ஊர் ஊராக இருந்துகொண்டு, என்னைப் போலவே ஆழம் தெரியாமல் காலை விட்ட தமிழர்கள் அதில் இருந்தார்கள். எங்களில் ஒருவர்கூட நிபுணர் இல்லை. நேற்று கற்றுக்கொண்டவர் இன்று கற்றுக்கொள்பவருக்குச் சொல்வார், அவ்வளவுதான்.

மக்குக் குழியைப் படம் எடுத்துப் போட்டேன். அம்பாங்கில் நர்சாக இருக்கும் வைஷ்ணவி உடனே சிரித்துக்கொண்டே குரல் பதிவு அனுப்பினாள். "அக்கா, காஞ்ச எலை பத்தல. வீட்டுக் குப்பை ஒரு பங்குன்னா காஞ்சது ரெண்டு பங்கு போடுங்க. எனக்கும் இப்படித்தான் நாறுச்சு, பக்கத்து வீட்டு அங்கிள் இன்னும் என்கிட்ட பேசல லா."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்பது எனக்குப் பிடிக்காது, சொல்வதுதான் பிடிக்கும். அந்த மக்குக் குழிதான் ரொம்ப நாளைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி. அதற்கப்புறம் எதைக் கற்றாலும் சொல்லிக்கொடுக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். கீரைப் பாத்தி, வேப்பெண்ணெய்க் கரைசல், தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, எல்லாவற்றுக்கும் படம் போட்டேன். ஆறு மாதத்தில் நான் எல்லோருக்கும் 'மலர் அக்கா' ஆகிவிட்டேன். முழுப் பெயர் மலர்விழி என்பது என் அடையாள அட்டைக்கும் பாலனின் கோபத்துக்கும் மட்டும்தான்.

பாலன் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பார். "மொகம் தெரியாத ஆளுங்களோட அப்படி என்னதான் பேசுவியோ" என்பார். கத்திரிச் செடிகளைப் பூச்சி தின்றது. தேனீப் பெட்டியிலிருந்து தேனீக்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. இரண்டுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு வாங்கப் போகிறேன் என்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"மலர், நான் குறை சொல்லல. ஆனா இந்தக் கோழியும் கைய விட்டுச்சுன்னா, தீபாவளியோட தவுக்கே கையில சாவியக் குடுத்துருவோம். பழையபடி பிரிக்பீல்ட்ஸ் பக்கமே வீடு பாக்கலாம். நீயும் வேலை தேடிக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் சாந்தமாகச் சொன்னதில்தான் எனக்குக் குளிர் எடுத்தது. மறுபடி லிப்டுக்குக் காத்து நிற்பதையும், என் வயதில் பாதி இருக்கும் ஒருத்தியின் முன் நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தேன். இந்தக் கோழிகள் தோற்கக் கூடாது.

அதனால் திட்டம் போட்டுத்தான் செய்தேன். கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, ஐம்பது குஞ்சு, மூன்று மாதத்தில் தயார். ஜூன் நடுவில் வாங்கினால் செப்டம்பர் நடுவில் கொடுக்கலாம். வாங்குவதற்கு முன்பே யாருக்கு எத்தனை வேண்டும் என்று குழுவில் போட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. "எனக்கு ரெண்டு", "எங்க வீட்டுக்கு ரெண்டு", "அக்கா, மறந்துறாதீங்க". எல்லாக் கோழிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. பாலனிடம் கைப்பேசியைக் காட்டி ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. பியாவாக் ஒன்று கூண்டுக்கு அடியில் குழி தோண்டப் பார்த்தது. அந்த உடும்புப் பயலை விரட்டக் கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கிக் கட்டினேன். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் சமையலறையைக் கழுவித் துடைத்து, மீன் சட்டியைத் தேய்த்துப் பரணில் ஏற்றி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழுவில் எழுதினேன்: "கோழி ரெடி. யார் யார் எப்போ வந்து எடுக்குறீங்க?"

கட்டைவிரல் படங்களுக்காகக் காத்திருந்தேன். பிறகு வைஷ்ணவி எழுதினாள்.

"அக்கா... நாளைக்குப் புரட்டாசி பொறக்குது லா."

நான் கைப்பேசியைப் பார்த்தேன். பரணைப் பார்த்தேன். புரட்டாசி பிறக்கிறது என்பதற்காகத்தானே அந்தச் சட்டியை அங்கே ஏற்றினேன்! மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது என்று கை தானாக வேலை செய்திருக்கிறது. புத்தி மட்டும் கோழி விற்கப் போயிருக்கிறது. என்னை விடுங்கள். ஜூன் மாதம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய ஏறக்குறைய அத்தனை பேரும் வருடம் தவறாமல் புரட்டாசிக்கு விரதம் இருக்கிறவர்கள். ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை. எல்லோரும் செப்டம்பர் என்று படித்தோம், செப்டம்பர் என்றே நினைத்தோம்.

குழுவில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் வரிசை கட்டின. "ஐப்பசியில எடுத்துக்குறோம் அக்கா" என்றார்கள் எல்லோரும். பிரிக்பீல்ட்ஸ் மார்க்கிரட் ஆன்டி மட்டும், "எனக்குப் புரட்டாசி இல்லைப் பிள்ளை, நான் சர்ச்சுக்குப் போறவள். எண்டாலும் ஐம்பதையும் நான் ஒருத்தியாத் தின்னேலாது" என்று எழுதியிருந்தார். நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு, கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மாதம்தானே, வைத்திருந்தால் போகிறது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் கட்டிய கூண்டு மூன்று மாதக் கோழிக்குச் சரியான அளவு. ஓரிரண்டு நாளிலேயே சேவல்கள் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன. பகலில் வெளியே விட்டால் செம்பனைக் காட்டுக்குள் நாய்கள் காத்திருந்தன. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றதில் இரண்டு கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுச் செத்தன. அவற்றைப் புதைக்கும்போது பாலன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தானே குழி தோண்டினார். எனக்கு அவர் பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செலாயாங் மொத்தச் சந்தையில் ஒரு வியாபாரி மொத்தத்தையும் மறுநாளே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். பதில் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். விரத மாதத்தில் வீட்டில் வளர்ந்ததைக் கத்திக்கு ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பாலனிடம் கேட்டேன். "ஒன் கோழி, நீதான் சொல்லணும்" என்றார். ஆனால் அப்படிச் சொன்னபோது சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

அந்த வாரம் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை வந்தது. பாலனின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெற்றியில் நாமம் போட்டு, நாமம் இட்ட பித்தளைச் சொம்புக்குத் துளசி மாலை சுற்றி, "கோவிந்தா" என்று நாலு வீட்டு வாசலில் நின்று அரிசி கேட்க வேண்டும். கிடைத்த அரிசியைப் பொங்கிப் பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருந்தவரை அவருக்குக் கவலையே இல்லை. மாடி மாடியாக ஏறினால் சொம்பு நிறைந்துவிடும். "இன்னும் பாலன் அண்ணனைக் காணோமே" என்று காத்திருப்பார்கள். காப்பாரில் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் கொங்சி. யாரிடம் போய்க் கேட்பது? கிள்ளானில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டு, ஒரு மணி நேரத்தில் காலிச் சொம்போடு திரும்பி வந்தார்.

"என்னாச்சு?"

"இப்ப அங்க தெரு மொனையில கேட்டு போட்டுட்டாங்க. செக்குரிட்டிக்காரன் சொம்பப் பாத்துட்டு, 'டெலிவரியா பாஸ்?'ங்கறான். போன் அடிச்சா அவங்க எடுக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கோழிக் கவலை எல்லாவற்றையும் அவர் மேல் கொட்டினேன். "வீட்டுல ரெண்டு மூட்டை அரிசி இருக்கு. அத விட்டுட்டு ஊரு வாசல்ல போயி நிக்கிறீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

அவர் சொம்பைச் சாமி மாடத்தில் வைத்தார். மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"அரிசி இல்லாதவன் எப்படியும் கேப்பான் மலர். இருக்கறவனும் வருசத்துல ஒரு நாளாவது போயிக் கேக்கணும்னுதான் இத வச்சிருக்காங்க. எனக்கு மட்டும் வெக்கமா இல்லேன்னா நெனைக்கிற? மொத வாசல்ல நிக்கறப்ப எல்லா வருசமும் கூச்சமாத்தான் இருக்கும்."

அன்றைக்கு வீட்டு அரிசியையே பொங்கிப் படைத்தோம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பாத்திரத்தைக் கழுவிவிட்டுக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு சேவலின் கொண்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. யார் தயவும் வேண்டாம் என்று வந்தவளுக்குக் குழுவில் இத்தனை பேர் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவருக்குக்கூட என் கூண்டில் கோழி செத்தது தெரியாது. நேற்றுகூட நான் மல்லிச்செடிப் படத்தைத்தான் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அது பெண்ணாய்ப் பிறந்தால் என் ஜாடையில்தான் இருக்கும்.

எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"வணக்கம், மலர் பேசுறேன். இன்னிக்குக் கோழி விக்க வரல, கேக்க வந்திருக்கேன். எனக்குக் கூண்டுல எடம் பத்தல. ரெண்டு செத்துப் போச்சு. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்குன்னு சொன்ன கோழிய ஐப்பசி வரைக்கும் ஒங்க வீட்டுலயே வச்சிருக்க முடியுமா? வீட்டுக்கு ரெண்டு போதும். முடியலன்னா பரவால்ல, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் காய்ந்த துணிக் குவியலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருந்து காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் பதில் செலாயாங் நாகையா அண்ணனிடமிருந்து. லோரி ஓட்டுகிறவர்; அவர் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. "சண்டைச் சேவலையெல்லாம் எனக்குக் குடும்மா. நாளைக்கு லோரி சும்மாதான் நிக்கிது. மத்தவங்க வீட்டுக்கும் நானே கொண்டு போயிக் குடுத்துருறேன்."

அப்புறம் வைஷ்ணவி. "எங்க வீட்டுப் பின்னால பழைய நாய்க்கூண்டு சும்மா கெடக்கு அக்கா. ஏன் இவ்ளோ நாள் சொல்லல?"

மார்க்கிரட் ஆன்டி: "நான் கீழ்வீடுதானே. பொட்டைக் கோழி ரெண்டு அனுப்புங்கோ. சேவல் வேண்டாம், மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டிடுவார்."

ஒவ்வொருவராக வந்தார்கள். முடியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தர் தீவனம் அனுப்பினார், இன்னொருத்தர் பழைய வாழைப்பழக் கூடைகள் அனுப்பினார். வைஷ்ணவி கேட்ட அந்த 'ஏன் சொல்லல' என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் வரவில்லை.

மறுநாள் நாகையா அண்ணன் வந்தார். குழுவில் நான் நேரில் பார்த்த முதல் ஆள் அவர்தான். கோழிகளைக் கூடைகளில் பிடித்துப் போட்டு ஏற்றினோம். பாலனும் வந்து பிடித்தார். கழுத்தில் இறகே இல்லாத ஒரு மொட்டைக் கழுத்துக் கோழியை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, "இது யாரு வீட்டுக்குப் போவுது?" என்று கேட்டார். அம்பாங்குக்கு என்றேன். அதன் முதுகைத் தடவிக் கூடையில் விட்டார்.

அதற்கப்புறம் குழு முழுக்கக் கோழிப் படங்கள்தான். நாய்க்கூண்டில் கோழி, குளியலறை வாளியில் கோழி, வண்டி நிறுத்தும் இடத்தில் பாய் விரித்துக் கோழி. பாலன் வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, "அந்த மொட்டைக் கழுத்து எப்படி இருக்கு?" என்பார். நான் படத்தைக் காட்டுவேன். "கொஞ்சம் எளச்சிருச்சு" என்பார். கோழிக்கு ஒன்றும் இல்லை. வைஷ்ணவியின் பிள்ளைகள் ஊட்டி ஊட்டி அது உருண்டையாகத்தான் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் குளித்து, நாமம் போட்டு, சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். கிள்ளானுக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன்.

"ஒன் ஆளுங்க வீடெல்லாம் எங்கெங்க இருக்கு?" என்றார்.

"எந்த ஆளுங்க?"

"மொகம் தெரியாத ஆளுங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானே பார்த்திராத வீடுகள் அவை. சேலையை மாற்றிக்கொண்டு, குழுவில் ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு, வண்டியில் ஏறினேன்.

முதலில் அம்பாங். வைஷ்ணவி குரலை விடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். வாசலில் சின்னதாகக் கோலம் போட்டு, நாழி நிறைய அரிசியோடு நின்றிருந்தாள். பாலன் "கோவிந்தா" என்று குரல் கொடுத்ததும் அவள் பிள்ளைகள் இரண்டும் அவர் காலைச் சுற்றிக்கொண்டன. அரிசி போட்டு முடித்ததும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். மொட்டைக் கழுத்து அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் குனிந்து ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

செலாயாங்கில் நாகையா அண்ணன் கைநிறைய அள்ளிப் போட்டார். சேவல்கள் ஆளுக்கொரு மூலையில் கட்டப்பட்டு, தூரத்திலிருந்தே ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்தன. கடைசியாக நாங்கள் விட்டுவிட்டு வந்த பிரிக்பீல்ட்ஸ். மார்க்கிரட் ஆன்டி கதவைத் திறந்து, கையில் ஒரு கோப்பை அரிசியோடு தயங்கி நின்றார். அவருக்குப் பின்னால், சுவரில் மாதா படத்துக்குக் கீழே, என் கோழிகள் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்திருந்தன.

"வாங்கோ, வாங்கோ. தம்பி, ஒண்டு கேக்கட்டே? நான் வேதக்காரி. என்ர கையால போடலாமோ?"

பாலன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினார். "போடுங்க ஆன்டி" என்றார். ஆன்டி கோப்பையை அப்படியே கவிழ்த்தார். அரிசி சொம்பு விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்தியது. கூடையிலிருந்து ஒரு கோழி இறங்கி வந்து, சாவகாசமாக அதைப் பொறுக்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து சொம்பைக் கொட்டிப் பார்த்தால் அம்பாங்கில் போட்டது பச்சரிசி, செலாயாங் புழுங்கல், ஆன்டி போட்டது நீளநீளமாகப் பாசுமதி. மூன்றும் ஒரே பானையில் எப்படி வேகும்? ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். அடுப்புக்கு முன்னால் நின்று நான் வழக்கம்போல முணுமுணுத்தேன்.

"தண்ணியக் கொஞ்சம் கூட வை. வேகும்" என்றார் பாலன். சாமி மாடத்தில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு சொம்பு தண்ணீர் கூட ஊற்றினேன்.

பானை கொதித்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே இரண்டு முறை போன் பண்ணிவிட்டார், இருக்கிறீர்களா போகிறீர்களா என்று. கூண்டு காலியாகக் கிடந்தது. இதை ஜெயித்ததாகச் சொல்வதா தோற்றதாகச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. ஐப்பசி பிறந்தாலும் அந்த மொட்டைக் கழுத்தை அம்பாங்கில் யாரும் அறுக்கப் போவதில்லை. பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவரிடம் கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் கேட்பது எப்படி என்று இந்த மாதம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பவில்லை. திரியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருசம் குஞ்சு வாங்கறப்ப தமிழ்க் காலண்டரப் பாத்து வாங்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லவும் வழியில்லை. எங்களுடையது கேஸ் அடுப்பு.